பைக்குள் ஒரு பை

“டீச்சர், எம் மவன் என்கூடப் பேச மாட்டேங்கான்.”

ரோணிக்கம் டீச்சர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்ப இருந்து?”

“கோப்பை அடிச்ச அன்னையில இருந்து.”

“தோத்தவன் பேசாம இருந்து பாத்திருக்கேன். ஜெயிச்சவனுக்கு என்ன வந்துச்சு?”

ஆவுடையப்பன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் பின்னாலேயே நடந்தார்.

இந்த ரெண்டு பேரையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரோணிக்கம் டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எங்கள் வட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் விசில் அவர் வாயில்தான். ஆவுடையப்பன் மாவு மில் வைத்திருக்கிறவர். வயதில் டீச்சருக்கு நன்றாகவே மூப்பு. டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் டீச்சருக்குச் சிஷ்யன். சீட்டுக் குலுக்குவதில்.

சீட்டைக் குலுக்கி எடுக்க ஒரு குருவா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர்க் கபடிப் போட்டியில் மண்டை உடைந்ததெல்லாம் மைதானத்தில் இல்லை. சீட்டு எடுக்கிற மேஜைக்கு முன்னால்தான். உனக்கு மட்டும் நோஞ்சான் அணி, எனக்கு மட்டும் எமனா என்று ஆரம்பிப்பார்கள். நாற்காலி பறக்கும். போலீஸ் வரும்.

கடைசியில் ஊர் கூடி ஆவுடையப்பனைப் பிடித்துப் போட்டது. அவர் மில்லில் கொடுத்த தானியத்துக்கு மாவு குறைந்தது என்று ஒருத்தர் சொன்னதில்லை. அந்தக் கை எடுத்தால் சரியாக இருக்கும் என்று எல்லாத் தெருவும் ஒப்புக்கொண்டது. எங்கள் ஊரில் எல்லாத் தெருவும் ஒப்புக்கொண்ட விஷயம் வேறு எதுவும் கிடையாது.

முதல் தடவை பைக்குள் கையை விடும்போது ஆவுடையப்பன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

“கண்ணைத் திறங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“திறந்தா பாத்து எடுத்தேன்னு சொல்லுவாங்களே.”

“கண்ணை மூடினா கை முழிச்சிக்கிடும். கண்ணு முழிச்சிருக்கட்டும். கையைத் தூங்க விடுங்க.”

அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, அப்படியே செய்தார். அதன் பிறகு பல வருஷம் அவர் கை பைக்குள் போய்த் தூங்கியது. ஊரும் சண்டை இல்லாமல் கபடி பார்த்தது.

போன கோயில் கொடைத் திருவிழாவுக்கு நடந்த போட்டியில்தான் கை முழித்துக்கொண்டது.

ஏழு அணி வந்திருந்தது. ரெண்டு ரெண்டாக மோதவிட்டால் ஒரு அணிக்கு ஜோடி இருக்காது. அந்த அணி முதல் சுற்றில் ஆடவே வேண்டாம். சும்மா உட்கார்ந்துவிட்டு நேரே அரையிறுதிக்குப் போகலாம். அதற்கு ‘பை’ என்று பெயர். இங்கிலீஷ்காரன் வைத்த பெயர். எங்களுக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது. ஆறு சீட்டில் ஒன்று முதல் ஆறு வரை எழுதுவோம். ஏழாவதில் ‘பை’ என்று எழுதுவோம். எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் குலுக்குவோம். பைக்குள் ஒரு பை.

அணித் தலைவன்கள் ஒவ்வொருத்தனாக வருவார்கள். ஆவுடையப்பன் ஒரு சீட்டை எடுத்து அவன் கையில் கொடுப்பார். அவன் பிரித்து ஊர் கேட்கப் படிப்பான். ஒன்று வந்தவனும் ரெண்டு வந்தவனும் மோதுவார்கள். மூன்றும் நாலும். அஞ்சும் ஆறும். டீச்சர் பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, யாரோடு யார் என்று எழுதிவிடுவார்.

தெற்குத்தெரு அணிக்குத் தலைவன் ஆவுடையப்பனின் மகன் இசக்கிராஜா. நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் வருஷா வருஷம் அப்பா எடுத்துக் கொடுக்கிற சீட்டு அவனை முரட்டு அணி எதனிடமாவது கொண்டுபோய்த் தள்ளிவிடும். முதல் சுற்றிலேயே மூட்டையைக் கட்டுவான்.

“ஊருக்கெல்லாம் ராசியான கை. பெத்த பிள்ளைக்கு மட்டும் விளங்காது” என்று ஆவுடையப்பனின் பெண்டாட்டி சோறு போடும்போது சொல்வாள்.

மகன் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் சொல்லாமல் இருந்ததுதான் அந்த மனுஷனைப் போட்டு அரித்தது.

சீட்டு எழுதி மடிக்கிற வேலையும் ஆவுடையப்பனுடையதுதான். அந்தத் தடவை ‘பை’ சீட்டை மடிக்கும்போது ஒரு சிட்டிகை ரவையை உள்ளே வைத்து மடித்தார். அவ்வளவுதான் செய்தார்.

மாவு மில்காரர் விரல் அது. மில் ஓடும்போது விழுகிற மாவை ரெண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். இன்னும் ஒரு ஓட்டு ஓட்டணும், இல்லை, பதம் வந்துவிட்டது என்பார். மாவைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். அந்த விரலுக்குத் தாளுக்குள் இருக்கிற ரவை தெரியாதா.

மகன் வந்தான். விரல் தேடிப் பிடித்தது. கொடுத்தார்.

இசக்கிராஜா பிரித்து “பை” என்று படித்தான். கூட்டாளிகள் அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கீழே இறக்கிவிட்டதும் அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அவனும் அந்த மில்லில் வளர்ந்தவன்தானே.

கையை டவுசரில் துடைத்துக்கொண்டான். பனியனைக் கழற்றி, வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆளிடம் கொடுத்தான். முட்டு வலிக்கிறது என்று சொன்னான். கடைசி ஆட்டம் முடிகிற வரைக்கும் கோட்டுக்கு வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

அவன் இல்லாமலே தெற்குத்தெரு கோப்பையை அடித்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது வடக்கூர். அவர்கள் காலையிலிருந்து மூச்சுவிட நேரமில்லாமல் ஆடிக் களைத்திருந்தார்கள். தெற்குத்தெருவுக்கு அரையிறுதிதான் முதல் ஆட்டம். வடக்கூர்த் தலைவன் பலவேசத்துக்குக் கபடி கபடி என்று பாடிப் போன கடைசிப் பாட்டில் ரெண்டு காலும் பிடித்துக்கொண்டது. கோட்டைத் தொடக் கையை நீட்டினான், எட்டவில்லை. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கோப்பையை வீட்டுக்குள் கொண்டுவர இசக்கிராஜா விடவில்லை. வாசலை மறித்து நின்றான். ஆவுடையப்பன் அதை மில்லில் கொண்டுபோய் வைத்தார்.

அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அரைக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். “உம்ம மவன் சாதிச்சிட்டான்” என்றார்கள். அவர் மில் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நின்றார்.

பலவேசமும் கோதுமை அரைக்க வந்தான்.

“அண்ணாச்சி, அடுத்த தடவை உங்க கையால எனக்கும் ஒரு பை எடுத்துக் குடுங்க” என்று சிரித்தான். “கால் ரெண்டும் கும்பிடும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆவுடையப்பனுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூலி வாங்காமல் அனுப்பினார். அதற்கு அவன் இன்னொரு தடவை கும்பிடு போட்டான்.

இத்தனையையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் சுண்ணாம்பு வாளியோடு டீச்சர் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.

“டீச்சர், எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு.”

“ம்.”

“வெளியூரு. அவரும் என்னைய மாதிரி சீட்டு எடுக்கவருதான்.”

“சொல்லுங்க.”

“ஒரு தடவை தெரியாத்தனமா, வேண்டியவங்களுக்குப் பை போற மாதிரி செஞ்சிட்டாரு.”

“அதைத் தெரியாத்தனமா எப்படிச் செய்ய முடியும்?”

ஆவுடையப்பன் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“தெரிஞ்சுதான் செஞ்சாரு.”

“ம்.”

“ஆனா யாருக்கும் நஷ்டம் இல்ல பாத்துக்கிடுங்க. யாராவது ஒருத்தருக்குப் பை விழுந்துதானே ஆகணும். அது இவங்களுக்கு விழுந்துச்சு. இதுல அவரு யாரைக் கெடுத்தாரு?”

டீச்சர் கோடு போடுவதை நிறுத்தினார். “வாங்க” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்து நடந்தார்.

கொடைப் போட்டிக்குப் போட்ட கோடுகள் சுவரில் அப்படியே இருந்தன. கீழே ஏழு பெயர். ரெண்டு ரெண்டு கோடு ஒன்றாகி, அது இன்னொன்றோடு சேர்ந்து, உச்சியில் ஒரே ஒரு பெயர். தெற்குத்தெரு.

“உங்க தெரிஞ்சவரு ஊர்லயும் இப்படித்தானே எழுதுவாங்க?”

“ஆமா.”

“சரி, இதையே அந்த ஊர்னு வச்சிக்கிடுவோம்.” டீச்சர் பை என்று எழுதியிருந்த இடத்தைக் காட்டினார். “இவரு ஒண்ணும் செய்யாம இருந்திருந்தா இது யாருக்கு வந்திருக்கும்?”

“அது எப்படி டீச்சர் தெரியும்?”

டீச்சர் அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழித்தார்.

“அப்ப இவங்க ரெண்டு பேரும் மோதியிருப்பாங்களா?”

“அதுவும் தெரியாது.”

அழித்தார்.

“இவன் ஜெயிச்சிருப்பானா?”

“தெரியாது டீச்சர்.”

அழித்தார். மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். வடக்கூர் போனது. கடைசியில் எக்கி நின்று உச்சியில் இருந்த பெயரையும் அழித்தார். சுவரில் வெள்ளையாக ஒரு தீற்றல்தான் மிச்சம்.

ஆவுடையப்பன் தலை குனிந்துகொண்டார்.

“யாருக்கும் நஷ்டம் இல்லன்னு சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க அவர்ட்ட” என்றார் டீச்சர். “யாருக்குன்னு தெரியலன்னு சொல்லச் சொல்லுங்க.”

ஆவுடையப்பன் சுவரில் இருந்த தீற்றலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவரு யார்ட்டப் போயி மன்னிப்புக் கேக்க?”

டீச்சர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார்.

“பொங்கலுக்குப் போட்டி வருதுல்லா. இந்தத் தடவை சீட்டை நானே எழுதி மடிச்சிக் கொண்டாரேன். நீங்க எடுத்துக் குடுத்தா போதும்.”

“நான் வேண்டாம் டீச்சர். வேற யாரையாவது பாருங்க.”

“ஏன்?”

“மேலுக்கு முடியல.”

“கைக்கு என்ன?”

“கைக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப வாங்க.”

அவர் வாளியை வைத்துவிட்டுக் கிளம்பினார். கேட்டைத் தாண்டும்போது டீச்சர் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, நாளைக்கு ஒரு படி ரவை குடுத்து அனுப்புங்க. வீட்டுல உப்புமாவுக்கு இல்ல.”

ஆவுடையப்பனுக்குக் கால் நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் பேசியதில் ரவை என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. டீச்சர் முகத்தைப் பார்த்தார். ஆட்டத்தில் தொட்டானா இல்லையா என்று பார்க்கிற அதே முகம்தான். அதிலிருந்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

“எந்தப் பதம் டீச்சர்?”

“உங்க விரலுக்குத் தெரியும்லா, அந்தப் பதம்.”

மறுநாள் மில்லில் ரவை உடைத்துக்கொண்டிருந்தபோது இசக்கிராஜா வந்தான். பெல்ட்டைச் சரிசெய்யத்தான் வந்தான். வேலைக்கு மட்டும் வருவான், பேச மாட்டான். விழுகிற ரவையைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

“டீச்சருக்கு” என்றார் ஆவுடையப்பன். “டீச்சர் கேட்டாங்க.”

மகன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். கொடைக்குப் பிறகு அவன் அவரை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவர் காத்திருந்தார். அவன் பெல்ட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ரவையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம், உப்புமாவுக்குத்தான், வேறு எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரோணிக்கம் டீச்சருக்கு உப்புமா என்றாலே ஆகாது என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

பொங்கல் வந்தது. காலையிலேயே மைதானம் நிறைந்துவிட்டது. இந்தத் தடவையும் ஏழு அணி. இசக்கிராஜாவும் வந்திருந்தான். பனியனைத் தோளில் போட்டிருந்தான், மாட்டவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா எடுக்கிற சீட்டைத் தொட மாட்டேன் என்று கூட்டாளிகளிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தலைவன் வந்து சீட்டு வாங்காத அணி ஆட முடியாது. அவர்கள் முகம் தொங்கிப்போய் நின்றார்கள்.

“ஆவுடையப்ப அண்ணாச்சி, வாங்க.”

போனார். டீச்சர் மஞ்சப்பையை நீட்டினார்.

அதை வாங்கிக்கொண்டு கையை உள்ளே விட்டார். கை நன்றாக முழித்துக்கொண்டுதான் இருந்தது. முதல் சீட்டைத் தொட்டது.

தாளுக்குள் ரவை.

அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தொட்டார். அதிலும் ரவை. அதற்கு அடுத்ததைத் தொட்டார். விரல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனது. ஏழிலும் ரவை. எல்லாம் ஒரே பதம். அவரே உடைத்த ரவை.

எது பை, எது எண் என்று அந்த விரலுக்குத் தெரியவில்லை. ‘பை’ சீட்டு வழக்கம்போல எங்கேயோ கிடந்தது.

டீச்சருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கொடை அன்றைக்கே தெரியும். மகன் உள்ளங்கையைத் துடைத்தபோதே தெரியும். வெளியூர்க்காரர் கதையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றாரே, அப்போதும் தெரியும். பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

“எடுங்க அண்ணாச்சி.”

கையில் அகப்பட்டதை எடுத்தார்.

முதலில் வந்தது வடக்கூர்ப் பலவேசம். சீட்டை வாங்கிப் பிரித்தான். “நாலு” என்று படித்தான். ரவை அவன் உள்ளங்கையில் கொட்டியது.

“என்ன அண்ணாச்சி, சீட்டுக்குள்ள ரவையா இருக்கு?”

முன்வரிசையில் இருந்த ஒருத்தர் முந்திக்கொண்டார். “மில்லுக்காரர் கையில ரவை ஒட்டாம, பின்ன மிளகாப்பொடியா ஒட்டும்?”

கூட்டம் சிரித்தது. பலவேசமும் சிரித்தான். “இன்னும் கொஞ்சம் இருந்தா கேசரி கிண்டிருவேன்” என்றான்.

ஆவுடையப்பனுக்கும் சிரிக்க வாய் கோணியது. சிரித்திருந்தால் அதோடு முடிந்துபோயிருக்கும். ஊரே அவருக்காகப் பதில் சொல்லிவிட்டது. ஒரு வார்த்தையும் அவர் சொல்ல வேண்டியதில்லை.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் நாலுக்கு நேரே வடக்கூர் என்று எழுதிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை.

“கையில ஒட்டினது இல்ல பலவேசம்” என்றார் ஆவுடையப்பன். “உள்ள வச்சு மடிச்சது.”

“எல்லாத்துலயுமா?”

“இன்னைக்கு எல்லாத்துலயும். போன தடவை ஒண்ணே ஒண்ணுல.”

சாக்பீஸ் சத்தம் நின்றது. ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பும் நின்றது. பலவேசம் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எந்தச் சீட்டுல அண்ணாச்சி?”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மறுபடி கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தார். ஒரு கை அடுத்த சீட்டுக்காகப் பைக்குள் போயிருந்தது.

பின்னாலிருந்து கூட்டம் விலகியது. இசக்கிராஜா நடந்து வந்து அப்பா பக்கத்தில் நின்றான்.

“எங்க சீட்டுல” என்றான்.